பீரங்கி எட்டிய தூரம்: சம்பூர் மண்ணும் மீட்ட நிலத்தின் பூங்காக்களும்

'மீட்பு' என்ற சொல்லை நான் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். 2006 செப்டெம்பர் 4 ஆம் திகதி சம்பூரை மீட்டுவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த நேரம் சம்பூர்ச் சனம் வாகரைப் பக்கம் மரங்களுக்குக் கீழே கிடந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறோர் அரசாங்கம் அதே காணிகளை விடுவித்து, மக்களுக்கு மீட்டுக் கொடுத்ததாகச் சொன்னது. கொழும்பில் கடலுக்குள் மண் கொட்டி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரையும் மீட்ட நிலம் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த நிலத்தில் பூங்கா, நடைபாதை, செயற்கைக் கடற்கரை எல்லாம் இருக்கின்றன.

கடலில் இருந்து மீட்ட நிலத்துக்கு முன் உரிமையாளர் யாரும் இல்லை. எங்கள் நிலத்துக்கு உறுதி இருந்தது, கிணறு இருந்தது, கோயில் இருந்தது. பீரங்கிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பை அறியாமல் இந்த வேறுபாடு விளங்காது. திருகோணமலையில் அந்தத் தொடர்பு சில நூற்றாண்டுகள் பழையது.

துறைமுகமும் பீரங்கியும்

திருகோணமலை உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அதைப் பிடித்தவர்கள் எல்லாரும் முதலில் தேடியது பீரங்கி வைக்க ஒரு மேட்டையே. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கற்களையும் கொண்டு 1624 அளவில் கோட்டை கட்டினார்கள். பின்னர் ஒல்லாந்தர் அதைத் திருத்திக் கட்டினார்கள். 1795 இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு பிரட்றிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். இன்றும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

துறைமுக வாயிலைக் காக்க ஒஸ்டன்பேர்க் முனையிலும் கோட்டை எழுந்தது. அந்தப் பக்கம் இப்போது கடற்படைத் தளம். அங்குள்ள ஹூட்ஸ் ரவர் அருங்காட்சியகத்தில் ஆங்கிலேயர் காலத்து 9.2 அங்குலப் பீரங்கியைக் காணலாம். அதன் குண்டு ஒன்று ஏறத்தாழ 172 கிலோ எடை. எதிரிக் கப்பலை எதிர்பார்த்து வைத்த பீரங்கி அது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானியர் விமானத்தில் வந்தார்கள். துறைமுகமும் சீனக்குடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாகின.

பீரங்கி நிற்கும் இடம் மட்டும் படைக்குப் போதாது. அது எட்டும் தூரம் முழுவதும் படையின் கணக்குக்குள் வந்துவிடும். எதிரியின் பீரங்கி எங்கிருந்து துறைமுகத்தை எட்டுமோ அந்த இடமும் அதே கணக்கில் சேரும். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் சம்பூரின் தலைவிதி இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டது. சம்பூரில் இருந்து கடற்படைத் தளம் நேர்கோட்டில் பத்து கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. 152 மில்லிமீற்றர் ஆட்லறி சுமார் 17 கிலோமீற்றர் போகும். 130 மில்லிமீற்றர் சுமார் 27 கிலோமீற்றர் போகும். யார் கையில் ஆட்லறி இருந்தாலும் குடாவின் இரு கரைகளும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று.

2006

2006 ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே மூதூர் கிழக்கில் விமானக் குண்டுகளும் எறிகணைகளும் விழுந்தன. யூலையில் மாவிலாறு அணைக்கட்டுப் பிரச்சினை போராக மாறியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் மூதூர் நகருக்குள் புகுந்தார்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை நோக்கியும் எறிகணைகள் போயின. இரண்டு தரப்பும் ஏவிய எறிகணைகளுக்கு நடுவில் மூதூர் முஸ்லிம் மக்கள் அகப்பட்டு, கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடினார்கள். ஆகஸ்ட் 4 ஆம் திகதி பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள்.

எங்கள் பக்கம் செல்லடி எப்படி இருந்தது என்பதை வாசகர்கள் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தூரத்தில் 'குத்துற' சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். பதுங்குகுழிக்குள் பிள்ளைகளும் எங்களோடு சேர்ந்து எண்ணுவார்கள். எண்ணிக்கை முடியும் முன் வெடித்தால் பக்கத்தில், வெடித்த சத்தம் மெல்லக் கேட்டால் தூரத்தில். அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

வெருகல் தாண்டி ஓடியும் எறிகணை விடவில்லை. 2006 நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலை மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்ததில் 40 இற்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் மூதூர் கிழக்கில் இருந்து போனவர்கள்.

வேலி போட்ட கணக்கு

2007 மே 30 ஆம் திகதி மூதூர் கிழக்கு, சம்பூர் பிரதேசம் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு எறிகணை ஆபத்து என்பதே அதற்குச் சொன்ன நியாயம். அந்த நியாயத்துக்கு ஓர் எல்லை இருந்திருக்க வேண்டும். ஆட்லறி இல்லாமல் போனால் ஆபத்தும் இல்லை, வேலியும் தேவையில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்த ஆட்லறியும் சம்பூரில் இருந்து துறைமுகத்தைக் குறிபார்க்கவில்லை. வேலி மட்டும் நின்றது.

வலயத்தின் பரப்பு பின்னர் குறைக்கப்பட்டது. சுற்றியுள்ள ஊர்கள் பல திரும்பின. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்தார்கள். அவர்களின் காணிக்குப் புதிய பெயர்கள் வந்தன. முதலில் இந்தியாவின் தேசிய அனல் மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் வந்தது. 2012 இல் 818 ஏக்கர் பாரிய கைத்தொழில்களுக்கான வலயமாக அறிவிக்கப்பட்டது. 237 ஏக்கரில் கடற்படை முகாம் இருந்தது.

2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த 818 ஏக்கர் வர்த்தமானியை இரத்துச் செய்தார். மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். கடற்படை முகாம் காணிகளும் சம்பூர் மகா வித்தியாலயமும் 2016 இல் திரும்பின. அதே ஆண்டு நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அந்தப் பகுதியில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம். 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அதைத் தொடக்கிவைத்தார்கள்.

பாதுகாப்புக்கு என்று எடுத்த நிலம் இப்படி மின்சாரத்துக்கும் கைத்தொழிலுக்கும் கைமாறியது. ஒவ்வொரு முறையும் திட்டப் படத்தில் அது வெறும் நிலமாகவே காட்டப்பட்டது.

வெறும் நிலம் எப்படிப் பூங்காவாகிறது

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. கொழும்பின் காலிமுகத்திடல் ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறி மறையாமல் இருக்க வெளியாக்கப்பட்ட நிலம். 1859 இல் ஆளுநர் ஹென்றி வோட் காலத்தில் அது மக்கள் உலாவும் திடலாயிற்று. கொல்கத்தாவின் மைதானமும் அப்படித்தான். வில்லியம் கோட்டைப் பீரங்கிகளுக்காகக் காடு வெட்டித் திறந்த வெளி இன்று அந்த நகரத்தின் பெரிய பூங்கா. பட்டம் விடும் பிள்ளைகள் ஓடுவது பழைய சூட்டு எல்லைக்குள்தான்.

இவற்றில் நல்ல பாடம் ஒன்று உண்டு. படை விலகினால், எவரும் காசு கொடுக்காமல் நுழையலாம் என்றால், பீரங்கி வெளி பொது வெளியாகும். 2022 இல் ஒரு ஜனாதிபதியை வெளியேற்றிய சனம் கூடியது காலிமுகத்திடலில்தான். எங்கள் மாவட்டத்தில் படை விலகாமலே பூங்கா வருகிறது. சீனக்குடா மாபிள் கடற்கரையில் உல்லாச விடுதி நடத்துவது விமானப்படை. அங்கே குளிக்கப் போகிறவர் படை முகாமின் விருந்தாளி.

பயிற்சிக்களங்கள் சொல்லும் பாடம்

ஆட்லறிப் பயிற்சி நடக்கும் களத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சுடுவதற்கு முன் ஆபத்து எல்லை வரைபடத்தில் குறிக்கப்படும். எத்தனை குண்டு சுட்டது, எந்தத் திசையில் போனது, எது வெடிக்கவில்லை என்று பதிவு செய்யப்படும். வெடிக்காதவற்றைத் தேடி அழிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. அத்தனை பதிவு இருந்தும் அந்தக் களங்களைப் பூங்காவாக்க உலகம் பட்ட பாட்டைப் பாருங்கள்.

ஹவாயின் கஹோஒலவே தீவு 1941 முதல் 1990 வரை அமெரிக்கக் கடற்படையின் குண்டு வீச்சுக் களம். அதைச் சுத்தப்படுத்த 40 கோடி டொலர் ஒதுக்கினார்கள். வேலை நிறுத்தப்பட்டபோது தீவின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தொடப்படாமலே இருந்தது. நான்கு அடி ஆழம் வரை துப்புரவானது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். புவெர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் மக்கள் போராடி 2003 இல் கடற்படையை வெளியேற்றினார்கள். அந்த நிலம் வனவிலங்குச் சரணாலயமானது. வெடிபொருள் காரணமாகப் பல இடங்களில் இன்றும் மக்கள் கால் வைக்க முடியாது. தென்கொரியாவின் மெஹ்யாங்ரி கிராம மக்கள் 2005 இல் குண்டுப் பயிற்சிக்களத்தை மூடவைத்து, அதைச் சமாதானப் பூங்காவாக்கினார்கள். மூடச் சொல்லிப் போராடிய ஊரே அந்தப் பூங்காவுக்குக் காரணம்.

எங்கள் ஊர்களுக்குச் சூட்டுப் பதிவு கிடையாது. எந்த வளவில் எத்தனை செல் விழுந்தது என்பது சனத்தின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

மண்ணுக்குள் இருப்பது

திரும்பி வந்த பிறகு எங்கள் வளவில் வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். அலவாங்கு இரும்பில் தட்டியது. பழைய வாளி என்று நினைத்தேன். மண்ணைக் கையால் விலக்கியபோது உருண்டை முதுகு தெரிந்தது. வந்த அடியிலேயே காலை வைத்துப் பின்னால் போனேன். அதிகாரிகளுக்கு அறிவித்து, ஆட்கள் வந்து எடுத்துப்போகும் வரை பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்தோம். அந்த வளவில் அதற்கு முன் இரண்டு முறை குப்பை எரித்திருந்தேன்.

தெரிந்திருக்க வேண்டியவை சில. வெடிக்காத எறிகணை மெல்லிய மண்ணில் ஒரு மீற்றருக்கும் கீழே போகக்கூடும். ஆண்டுகள் போனதால் அது செத்துவிடாது, துருப்பிடித்த உருகி இன்னும் ஆபத்தாகலாம். மகாவலி வெள்ளம் மண்ணை அரித்து, நேற்று இல்லாததை இன்று வெளியே காட்டும். கண்டால் தொடக்கூடாது, அதன் மேல் குப்பை எரிக்கக்கூடாது, பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கக்கூடாது. எட்ட நின்று அடையாளம் வைத்து, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டிய திகதி 2028 யூன் 1. அந்த உடன்படிக்கை கண்ணிவெடிக்கானது. வெடிக்காத எறிகணைக்கு அப்படி ஒரு முடிவுத் திகதி அதில் இல்லை.

மண்ணுக்குள் இரும்பு மட்டும் இல்லை என்பதையும் கண்டோம். 2025 யூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. விடயம் மூதூர் நீதிமன்றத்துக்குப் போனது. துப்புரவுக்காரர் தோண்டாமல் அந்த இடத்தில் நேராகப் புல்லும் கல்லும் பதித்திருந்தால், அந்த எலும்புகளுக்கு மேல் சனம் நடந்திருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நான் பூங்காவுக்கு எதிரானவன் இல்லை. முகாமில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாட வெளி இல்லாமல் வளர்ந்தார்கள். அவர்களுக்கு ஊஞ்சலும் திடலும் வேண்டும். படை இருந்த நிலத்தில் அல்லது செல் விழுந்த நிலத்தில் பூங்காவோ மைதானமோ மின் திட்டமோ வருவதாக அறிவித்தால், பிரதேச செயலகத்தில் நான்கு விடயங்களைக் கேளுங்கள்.

காணி யாருடைய பெயரில் இருந்தது, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கப்பட்டதா? வெடிபொருள் அகற்றி ஒப்படைத்த பத்திரம் எங்கே, எந்த ஆழம் வரை துப்புரவாக்கினார்கள்? மேற்பரப்பு மட்டும் பார்த்த நிலத்தில் ஊஞ்சல் தூண் நடக்கூடாது. உள்ளே மனித எச்சம் கிடைத்தால் வேலையை நிறுத்தி நீதிமன்றத்துக்கு அறிவிக்க ஒப்பந்தத்தில் ஏற்பாடு உண்டா? கட்டி முடிந்த பின் வாசலில் நிற்பது யார், பிரதேச சபையா சீருடையா?

கிழவி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவருடைய வளவு எது என்று காட்ட இப்போது ஒரு பனைகூட நிற்கவில்லை. "தம்பி, பூங்கா வந்தா நல்லதுதான். முதல்ல எங்கட கிணறு எங்க எண்டு காட்டச் சொல்லு. அதைப் பாத்திட்டு வந்து நானும் அந்த வாங்கில இருக்கிறன்" என்றார்.

அவருடைய கிணற்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.