மின்தடைத் தொடுதிரை: அழுத்தமும் பல்விரல் தொடுகையும்

மின்சாரத்தைக் கடத்தும் ஒளிபுகும் படலங்கள் இரண்டு, நுண்ணிய புள்ளிகளால் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைக்கப்பெற்று, விரலோ எழுதுகோலோ அழுத்துமிடத்தில் மட்டும் பொருந்துமாறு அமைந்த சாதனமே மின்தடைத் தொடுதிரையாகும். தொடுதிரைகளில் இதுவே ஆதி வகை என்று கொள்ளுதல் பொருந்தாது. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த இ. ஏ. ஜான்சன் மின்தேக்கி வகையை 1965-இலேயே விவரித்துவிட்டார். மின்தடை வகைக்கு மூலபுருஷர் அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி சாமுவேல் ஹர்ஸ்ட். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், வரைபடச் சுருள்களிலிருந்து அளவுகளைக் கையால் எடுத்தெழுதும் சிரமத்தைத் தவிர்க்கும் பொருட்டு அவர் கண்ட உபாயமே, 1971-இல் ஓக் ரிட்ஜ் நகரில் எலோகிராபிக்ஸ் நிறுவனம் தோன்றுவதற்குக் காரணமாயிற்று.

நான்கு கம்பித் திரையில், ஒரு படலத்தின் எதிரெதிர் விளிம்புகளுக்கிடையே மின்னழுத்தம் தரப்படும். தொட்ட இடத்திலுள்ள மின்னழுத்தத்தை மற்றப் படலம் வாங்கித் தெரிவிக்கும். பின்னர் படலங்களின் பணியை மாற்றி அளந்தால் இரண்டாவது அச்சும் கிட்டும். விரல் அழுந்த அழுந்தப் படலங்கள் பொருந்தும் பரப்பு விரிந்து, அவ்விடத்து மின்தடை குறைவதால், மேலும் இரண்டு அளவுகளை எடுத்துச் சிறிது கணக்கிட்டாலே அழுத்தத்தின் தாரதம்மியம் புலப்பட்டுவிடும். ஏடிஎஸ்7846 போன்ற மலிவான கட்டுப்பாட்டுச் சில்லுகளே இதற்குப் போதுமாயிருந்தன. 1994-இல் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன் முதலாக, நோக்கியா 5800, 2009-இல் வெளிவந்த நோக்கியா என்900 ஈறாகப் பல பேசிகள் மின்தடைத் திரையையே தாங்கி வந்தபோதிலும், மென்பொருள் எழுதியோர் இந்த வரப்பிரசாதத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. தொட்டதா, தொடவில்லையா என்பதோடு அவர்கள் திருப்தியடைந்தனர்.

பல்விரல் தொடுகையோ இதற்கு நேர்மாறானது. ஒரே சமயத்தில் இரு விரல்கள் படுமாயின், நான்கு கம்பித் திரை அவற்றை இரண்டென்று அறியாமல், ஏறக்குறைய நடுவிலுள்ள, எவரும் தொடாத ஓர் இடத்தைக் காட்டும். 2007-இல் ஐபோன் மின்தேக்கித் திரையுடன் வந்து, இரு விரல்களால் படத்தை விரிப்பதையும் சுருக்குவதையும் உலகத்துக்குப் பழக்கமாக்கிய பின்னர், இக்குறை பெருங்குறையாயிற்று. என்900-இன் உலாவியில் ஒற்றை விரலால் வட்டமிட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கும் உத்தியைக் கையாண்டார்கள். சாமர்த்தியமான யோசனைதான், ஆயினும் கைக்கு இயல்பாக வருவதன்று. இரண்டு தொடுகைகளுக்கிடையே மின்னோட்டத்துக்கு இணைவழியொன்று திறப்பதால் திரையின் மொத்த மின்தடை சற்றுக் குறையும் என்பதைக் கொண்டு, விரல்கள் விலகுகின்றனவா நெருங்குகின்றனவா என்பதை மட்டும் ஊகிக்கும் முறையும் உண்டு.

முழுமையான பரிகாரம் ஐபோனுக்கு முன்னரே பிரான்சில் உருவாகியிருந்தது. போர்டோ நகரத்து ஜாஸ்மியூட்டன்ட் நிறுவனம், படலங்களை முழுப் பரப்பாக விடாமல், பாவும் ஊடும் போலக் குறுக்கும் நெடுக்குமான கீற்றுகளாகப் பிரித்து, சந்திப்புகளைத் தனித்தனியே சோதிக்கும் முறையைக் கையாண்டு, இசைக்கலைஞர்களுக்கான லெமூர் என்னும் கருவியை 2005-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனமே பின்னர் ஸ்டான்டம் என்னும் பெயரில் இந்த வித்தையைக் கைப்பேசிகளுக்கும் பலகைக் கணினிகளுக்கும் பரப்ப முயன்றது. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இல்யா ரோசன்பர்க், கென் பெர்லின் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட முறை, பல தொடுகைகளையும் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் ஒருங்கே உணர வல்லது; அதிலிருந்து பிறந்த டச்கோ நிறுவனத்தை 2010-இல் அமேசான் வாங்கிக்கொண்டது.

இவ்வளவு இருந்தும் பேசிச் சந்தையில் மின்தடைத் திரை நிலைபெறவில்லை. மேற்படலம் நெகிழ்ந்தாலன்றி இயங்காத காரணத்தால் அது கீறலுக்கு இலக்காயிற்று; படலங்கள் மிகுந்ததால் காட்சியும் சற்று மங்கிற்று. மென்மையாகத் தடவுதலே பழக்கமாகிவிட்ட விரலுக்கு, அழுத்தவேண்டியிருப்பதே பாரமாகத் தோன்றியது. வெற்றிபெற்ற மின்தேக்கித் திரையிலோ, அழுத்தம் என்று மென்பொருளுக்குத் தரப்படுவது பெரும்பாலும் விரல் பதிந்த பரப்பைக் கொண்டு செய்யும் ஊகமேயாகும். மெய்யான அழுத்தத்தை அறிய, ஆப்பிள் 2015-இல் ஐபோன் 6எஸ்-இன் திரைக்கடியில் தனி உணரிகளை வைக்க நேர்ந்தது. 2019-இல் வந்த ஐபோன் 11-இல் அவற்றைக் கைவிட்டு, நெடுநேரம் தொட்டுக்கொண்டிருத்தலையே அவற்றின் ஸ்தானத்தில் அமைத்தது.