தேர்க்காலும் மூச்சுக்காற்றும்
மதுவும் சாலைச் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

திருவாரூரில் கன்று ஒன்று தேர்க்காலில் சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. தேரைச் செலுத்தியவன் தன் ஒரே மகன் என்று அறிந்தும் மன்னன் அவனைத் தேர்க்காலில் இட்டான். பெரிய புராணம் விரித்துரைக்கும் இவ்வரலாற்றைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் அவ்வழக்கில் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. அரசிளங்குமரன் எந்நிலையில் தேரைச் செலுத்தினான்? தவறு அவனுடையதா, துள்ளி வந்த கன்றினுடையதா? மனுநீதிச் சோழன் விளைவை மட்டுமே நோக்கினான். இன்றைய சட்டமோ, விளைவு நேருமுன்னரே ஓட்டுநரின் நிலையை நோக்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

மது உண்ணுதலைக் கடிதல் தமிழ்மரபிற்குப் புதிதன்று. திருக்குறளில் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை அதனையே பேசுகிறது. சிங்கையிலும் 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் உழைப்பாளரின் கூலியைக் கள்ளுக்கடை விழுங்குதல் கண்டு வருந்திப் பரப்புரை செய்தனர். ஆனால் அறநூலின் நோக்கு வேறு; சாலைச் சட்டத்தின் நோக்கு வேறு. வயது வந்த ஒருவன் மது அருந்துவதைச் சாலைச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. மதுவும் சக்கரமும் ஒன்றுசேர்வதையே குற்றம் என்கிறது.

இக்குற்றத்திற்கு முதன்முதல் வடிவம் தந்தது இங்கிலாந்து நாடாகும். 1872ஆம் ஆண்டின் மது உரிமச் சட்டம், குடிபோதையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி இயந்திரம் ஆகியவற்றை நடத்திச் செல்வோரைத் தண்டித்தது. 1897 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் லண்டன் வாடகைக் கார் ஓட்டுநர் தம் வண்டியை ஒரு கட்டடத்தின்மேல் மோதினார். குற்றத்தை ஒப்பி, 25 ஷில்லிங் அபராதம் செலுத்தினார். குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற முதல் மனிதர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது.

அன்றைய வழக்குகளின் இடர்ப்பாடு யாதெனில், போதையை அளக்கும் கருவி இல்லாமையே. காவலர் கண்டதும், மருத்துவர் கருதியதும், குற்றஞ்சாட்டப்பட்டவர் நேர்க்கோட்டில் நடந்ததும் நடக்காததுமே சான்றுகள். தளர்ந்த நடைக்குக் களைப்பே காரணம் என்றும், சிவந்த கண்ணுக்குத் தூக்கமின்மையே காரணம் என்றும் எதிர்வாதம் எழும். திறமையான வழக்கறிஞர் உள்ளவர் தப்புவதும், அவ்வசதி இல்லாதவர் அகப்படுவதும் இயல்பாயின.

அறிவியல் இந்நிலையை மாற்றிற்று. சுவீடன் நாட்டு அறிஞர் விட்மார்க், 1922இல் சிறிதளவு குருதியைக் கொண்டே மதுவின் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தார். 1936இல் நார்வே நாடு குருதியில் இவ்வளவு மது இருத்தலே குற்றம் என்று எண்ணால் எல்லை வகுத்தது. 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த போர்க்கென்ஸ்டைன், மூச்சுக்காற்றைக் கொண்டு அளக்கும் கருவியை அமைத்தார். 1967இல் இங்கிலாந்து, 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் என்ற எல்லையை ஏற்றது.

இனிச் சிங்கைக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு ஈண்டு இரு தொடக்கங்களைக் கண்டது. ஒன்று, ஜூரோங் தொழிற்பேட்டையின் கட்டுமானம். மற்றொன்று, சாலைப் போக்குவரத்துச் சட்டம். சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் தோட்டங்கள் இருந்தமையால் அவர் பெயர் பெற்ற பூன் லே வட்டாரம், அத்தொழிற்பேட்டையின் அருகே குடியிருப்பாக வளர்ந்தது. தோட்டம் ஆலையாயிற்று, ஒற்றையடிப்பாதை பெருஞ்சாலையாயிற்று. ஆலைக்கு ஆளும் பொருளும் ஏற்றிச் செல்லும் லாரி, வேன், பேருந்து ஓட்டுநர்களின் வாழ்வு ஓட்டுநர் உரிமம் என்னும் சிறு அட்டையைச் சார்ந்ததாயிற்று.

சட்டத்தின் 67ஆம் பிரிவு இன்று இருகிளையாக உள்ளது. வண்டியைத் தக்கவாறு கட்டுப்படுத்த இயலாத அளவு போதையுற்றிருத்தல் ஒரு கிளை. இது பழைய ஆங்கிலச் சட்டத்தின் வாசகத்தைத் தழுவியது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், அல்லது அதே அளவு குருதியில் 80 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடத்தல் மறு கிளை. இதில், செம்மையாகவே ஓட்டினேன் என்னும் வாதத்திற்கு இடமில்லை. காரணமின்றி மூச்சு மாதிரி தர மறுப்பதும் 70ஆம் பிரிவின்படி குற்றமே. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் குருதியில் 30 மில்லிகிராமையே எல்லையாகக் கொண்டது என்பதை ஒப்புநோக்குக.

தண்டனையும் காலப்போக்கில் கடுமையாயிற்று. 2019க்கு முன்னர் முதற்குற்றத்திற்கு 1,000 முதல் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. உரிமம் இழத்தல் குறைந்தது ஓராண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அபராதம் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை. சிறை ஓராண்டு வரை, அல்லது இரண்டும். உரிமத்தடை குறைந்தது ஈராண்டு. மீண்டும் அதே குற்றம் புரிவோர்க்கு 5,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் சேர்ந்தே வரும். உரிமத்தடை குறைந்தது ஐந்தாண்டு. ஓராண்டோ அதற்கு மேலோ தடைபெற்றவர், தடை முடிந்தபின் ஓட்டுநர் தேர்வுகளை மீண்டும் எழுதித் தேறுதல் வேண்டும்.

எண்கள் தண்டனையிலும் புகுந்தன. 2013இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் வழங்கிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு, மூச்சில் உள்ள மதுவின் அளவை நான்கு படிகளாகப் பகுத்து, படிக்கேற்ற தண்டனையை வகுத்தது. திருத்தத்திற்குப் பின் 2021இல் அப்படிகள் புதுக்கப்பட்டன. எவர்க்கும் தீங்கு நேராத முதற்குற்றத்தில், 35 முதல் 54 வரை அளவுடையோர்க்கு 24 முதல் 30 மாதத் தடை. 90ஐ எட்டியோர்க்கு 48 முதல் 60 மாதத் தடை. ஒருவர்க்கு ஒரு நீதி, மற்றவர்க்கு வேறு நீதி என்னும் குறை இதனால் பெரிதும் நீங்கிற்று.

அங்ஙனமாயின் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குத் தற்காப்பே இல்லையோ எனின், உண்டு. ஓட்டியவர் அவரே என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பித்தல் வேண்டும். வண்டியை நிறுத்திய பின்னரே மது அருந்தியதாக அவர் மெய்ப்பிக்கலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. நின்ற வண்டியுள் அமர்ந்திருந்து 68ஆம் பிரிவின்கீழ் அகப்பட்டவர், போதை தெளியுமுன் ஓட்டக்கூடிய நிலை இல்லை என்றும், போதையுற்ற பின் ஓட்டவே இல்லை என்றும் காட்டி விடுபடலாம். சோதனை சட்டம் கூறிய முறைப்படி நடந்ததா என்றும் வினவலாம்.

எஞ்சியது உரிமத்தடை. சிறப்புக் காரணம் இருந்தாலன்றி நீதிமன்றம் தடையை விலக்க இயலாது. எது சிறப்புக் காரணம்? 1946இல் ஓர் ஆங்கில வழக்கில் நீதிபதி கோடார்டு விளக்கம் தந்தார். காரணம் குற்றம் நிகழ்ந்த சூழலைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். குற்றவாளியின் குடும்ப நிலையைச் சார்ந்ததாக இருத்தல் கூடாது. இக்கொள்கையையே சிங்கை நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. உயிர் காக்கும் நெருக்கடி ஒன்று காரணமாகலாம். வண்டியே என் பிழைப்பு, பிள்ளைகள் படிக்கின்றனர், தாய் நோயுற்றுள்ளார் என்னும் முறையீடுகள் ஆகா.

ஈண்டுதான் உள்ளம் தடுமாறுகிறது. அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு ஈராண்டுத் தடை பேருந்துப் பயணமாக முடியும். பூன் லேயில் லாரி ஓட்டிக் குடும்பம் காப்பவர்க்கோ அதுவே ஊதிய இழப்பாகும். ஒரே தடை இருவர்க்கும் ஒரே சுமையன்று. பொறுக்கமாட்டாது தடைக்காலத்தில் ஓட்டினாலோ 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கும். இது கொடுமையன்றோ என வினவுவார் உளர். ஆனால் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பிழைப்புக்காக ஓட்டுவோர்க்கு விலக்களித்தால், நாளெல்லாம் சாலையில் இருப்போர்க்கே சட்டம் தளர்ந்ததாகும். அவ்வண்டியின் முன் நடந்து செல்பவரும் ஓர் உழைப்பாளியே. அவரை நம்பியும் ஒரு குடும்பம் உண்டு.

மனுநீதிச் சோழன் மகனென்றும் பாராது தண்டித்தான். குடும்ப நிலை பாராத இன்றைய சட்டமும் அவ்வகையில் அம்மன்னனின் வழி வந்ததே. வேறுபாடு ஒன்றே. அவன் கன்று இறந்தபின் தேரை நிறுத்தினான். இது கன்று இறவாமுன் நிறுத்த முயல்கிறது. 1990இல் பூன் லேயில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்ட நாள்முதல், குடித்தவர் வீடு திரும்ப வண்டி ஓட்டியே ஆகவேண்டும் என்னும் நிலை அவ்வட்டாரத்தில் குறைந்துவிட்டது. நீதிமன்றத்தில் தேடப்படும் தற்காப்புகள் சில, அவையும் குறுகியவை. சாவியைத் திருகுமுன் ஒருவர் தமக்குத் தாமே அளித்துக்கொள்ளும் தற்காப்போ முழுமையானது. இதனை மாணவர்க்கு உரிய வயதில் உணர்த்துதல் ஆசிரியர் கடனாம்.