பல்கலைக்கழக இணையதளங்களில் பக்கக் கூறுகளும் உள்ளடக்க உத்தியும்

பல்கலைக்கழக இணையப் பக்கங்கள் பலவும் இன்று பேனர், கார்டு, அக்கார்டியன் (சொடுக்கினால் விரியும் பகுதி), ஸ்லைடர் (மாறி மாறி வரும் படவரிசை), பொத்தான் போன்ற ஆயத்தக் கூறுகளை அடுக்கிக் கட்டப்படுகின்றன. எந்தப் பக்கம் யாருக்கானது, அவர்களின் எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று வகுத்துக்கொள்வது உள்ளடக்க உத்தி. இது முடிவான பிறகே கூறுகளைத் தெரிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது.

சிறு கூறுகளிலிருந்து பக்கத்தை உருவாக்கும் முறையை இணைய வடிவமைப்பாளர் பிராட் ஃப்ராஸ்ட் 2013-இல் ‘அட்டாமிக் டிசைன்’ என்ற பெயரில் முன்வைத்தார். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களும் இதே வழியில் வந்தன: 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பிளாக் எடிட்டருடன் வெளிவந்தது. மறு ஆண்டு ட்ரூபல் 8.7-இல் லேஅவுட் பில்டர் நிலைபெற்றது. நிரல் எழுதத் தெரியாத துறை அலுவலரும் இவற்றைக் கொண்டு பக்கம் அமைத்துவிடலாம். சிக்கலும் அங்கேதான்: துறைத்தலைவர் ஸ்லைடர் கேட்டால் மறுத்துப் பேச யாருக்கும் துணிவு வருவதில்லை.

அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழக முகப்பு ஸ்லைடர் பற்றி 2013-இல் வெளியான கணக்கின்படி, அதைச் சொடுக்கியவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே. அந்தச் சொடுக்குகளிலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே போனது. ராண்டல் மன்றோவின் எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரம் ஒன்று (2010) பல்கலைக்கழக முகப்புகளின் இந்தப் பொருத்தமின்மையை இரண்டு வட்டங்களில் காட்டியது. முகப்பில் இருப்பவை ஒரு வட்டம், மக்கள் தேடி வருபவை மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது நிறுவனத்தின் முழுப்பெயர் மட்டும்.

பாடப்பிரிவுப் பக்கத்தில்தான் உள்ளடக்க உத்தியின் பயன் தெளிவாகத் தெரியும். தகுதி, காலம், கட்டணம், விண்ணப்பக் கடைசித் தேதி ஆகியவற்றைப் பக்கம் எழுதுபவர் விருப்பப்படி தட்டச்சு செய்ய விடாமல், கட்டாயப் புலங்களாக வைக்கிறார்கள். கட்டணத்தை ஓரிடத்தில் மாற்றினால் பாடப்பிரிவுப் பக்கம், கார்டு, தேடல் முடிவு எல்லாவற்றிலும் மாறிவிடும். அதே கட்டணத்தை வண்ணச் சுவரொட்டிப் படமாக ஏற்றினால், திரைவாசிப்பானுக்கு மாற்று உரை தனியாக எழுத வேண்டும். அடுத்த ஆண்டு படத்தையே மாற்ற வேண்டும். அக்கார்டியன் நீண்ட கேள்வி-பதில் பகுதிக்குப் பொருந்தும். கடைசித் தேதியை அதற்குள் மடித்து வைப்பது மாணவருக்குச் செய்யும் தீங்கு.



பயன்படாத கூறுகளை நீக்குவதும் எளிதல்ல. பழைய பக்கங்கள் அவற்றை நம்பி நிற்பதால், பொதுவாகப் புதிய பக்கங்களுக்கான பட்டியலிலிருந்து மட்டும் முதலில் மறைப்பார்கள். பழைய பக்கங்களைத் துறைவாரியாக மாற்றியெழுதிய பிறகே முழுதாக அகற்றுவார்கள்.