ஞாயிற்றுக்கிழமைக்காக ஒன்பது நாள்

மணியாச்சி ஜங்ஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் 1911-ஐப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது எந்த இடம் என்று கேட்பார்கள். ஸ்டேஷன் பெயரே வாஞ்சி மணியாச்சி, கேட்கத்தான் செய்வார்கள். நான் அவர்களிடம் இன்னும் மூன்று வருஷம் பின்னால் போகச் சொல்வேன். 1908 பிப்ரவரி 27, வியாழக்கிழமை. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய நாள் அது. சம்பள உயர்வோடு அவர்கள் கேட்டது வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

நான் நூல் மில்லில் நூற்பு ஃப்ரேமின் சைடு பார்த்து ஓய்வு பெற்றவன். என் அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கியவள். அதனால் இந்தக் கதை எனக்கு வீட்டுக் கதை மாதிரி.

கரிசல் காட்டு வேலைக்கு ஒரு நடை உண்டு. ஐப்பசியில் மழை இறங்கினால் விதைப்பு. பிறகு களையெடுப்பு, வெயில் ஏற ஏறப் பருத்தி எடுப்பு. காய்ந்து வெடித்த மண்ணில் கலப்பை இறங்காது. கோடையில் காடும் மனுஷனும் சும்மா கிடக்க வேண்டியதுதான். அந்த மாதங்களில் வயிறு காயும், ஆனால் உடம்பு தேறும். 1876-இல் ரயில் வந்தது. எங்கள் கருங்கண்ணிப் பருத்தி மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்குப் போனது. ஹார்வி சகோதரர்கள் அங்கே மில் வைத்ததும், கரிசலில் மழை பார்த்து வேலை செய்த சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் சங்குச் சத்தத்துக்கு எழுந்து ஓடினார்கள். மில்லுக்குக் கோடை கிடையாது. விடியலில் போனவர்கள் பொழுது சாய்ந்துதான் திரும்பினார்கள். சம்பளம் சொற்பம். அடியும் உண்டு.

இதில் என் மனசை உறுத்துவது வேறொன்று. 1891-இலேயே வெள்ளைக்காரர் அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் நடுப்பகலில் அரை மணி நேர நிறுத்தமும் எழுதி வைத்திருந்தது. பதினேழு வருஷம் கழித்தும் கோரல் மில் ஆட்கள் வேலையை நிறுத்தித்தான் அந்த ஒரு நாளைக் கேட்க வேண்டியிருந்தது.

அவர்களைச் சேர்த்து நிறுத்தியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. மணியாச்சிக்குப் பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரர். கூடவே சுப்பிரமணிய சிவா. சுதேசிக் கப்பல் ஓட்டியவராகத்தான் பாடப்புத்தகம் வ.உ.சி.யைக் காட்டுகிறது; மில் ஆட்களின் உடல் அசதியைத் தன் வழக்காக எடுத்துக்கொண்டவர் என்று அதில் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சங்கம் என்று ஒன்று கிடையாத காலம் அது. கூலி நின்றவர்கள் பட்டினி கிடக்காதபடி ஊரில் நிதி திரட்டினார்கள். வ.உ.சி.யைப் பழித்துப் பேசிய வக்கீலுக்குப் பாதி சவரத்திலேயே நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்ற கதை இந்தப் பக்கம் இன்னும் சொல்லப்படுகிறது. ஒன்பது நாள் மில் அடங்கிக் கிடந்தது. மார்ச் 6-இல் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையானது.

அடுத்த வாரமே, மார்ச் 12-இல், வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். கேட்டதெல்லாம் கையில் வந்துவிட்டதே என்று மில் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. அவருக்காக மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். திலகருக்காகப் பம்பாய் மில்கள் நின்றது அந்த வருஷம் ஜூலையில்தான். ஜூலை 7-இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். பிந்தைய காலத்தில் அவர் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். அந்தத் தெருக்களில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

பத்து வருஷம் கழித்துச் சென்னையில் பின்னி மில் ஆட்களின் முதல் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக்கூடாது, 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 250 பேருக்கு மேல் கேண்டீன், 500 பேர் இருந்தால் நல அலுவலர் என்றும் சொன்னது.

நான் வேலை பார்த்த மில்லில் சாப்பாட்டு நேரத்துக்கும் ஃப்ரேம் நிற்காது. ஒருவன் சாப்பிடப் போனால் பக்கத்து சைடுக்காரன் இரண்டையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டும். பஞ்சுத் தூசி மூக்கை அடைக்கும். நூல் அறாமல் இருக்க உள்ளே ஈரப்புழுக்கமாகவே வைத்திருப்பார்கள். முழு நைட் முடிந்து வந்தால் பகல் தூக்கம் பிடிக்காது. வீட்டில் எதற்கென்று தெரியாமல் எரிந்து விழுவோம். அம்மாவுக்கோ கட்டைக் கணக்குக் கூலி, உட்காரும் நேரத்தைக் குறைத்தால் காசு குறையும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடியுமுன்னே ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகள், மன அழுத்தம் குறைக்கத் தியான வகுப்பு வைத்திருப்பதாகச் சொன்னாள். எப்போது என்று கேட்டேன். வேலை முடிந்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு என்றாள். தியானம் நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் ஓய்வு நேரத்தைப் பிடுங்கி அமைதியைக் கற்றுக்கொடுப்பது நியாயமில்லை.

2021-இல் தமிழ்நாட்டில் கடைகளில் நிற்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்கச் சட்டம் வந்தது. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்ற பெண்களுக்கு அது பெரிய காரியம். 2023 ஏப்ரல் 21-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

உங்கள் கம்பெனியில் மனநல வகுப்பு வைத்தால் போங்கள். அதை வேலை நேரத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் வார விடுமுறையையும் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.