தீராத் தாகத்தின் இசை

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில், தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் காலத்து வெண்கல நடராஜர் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அருங்காட்சியகம் ஆவதற்கு முன் அது ஒரு பட்டு வணிகரின் மாளிகை. வணிகர் பெயர் ஓட்டோ வெசென்டோங்க். அவருடைய இளம் மனைவி மதில்டே கவிதை எழுதுவார். 1857 ஏப்ரலில், தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறு வீட்டை, கடனில் மூழ்கியிருந்த ஓர் அரசியல் அகதிக்கு ஓட்டோ கொடுத்தார். அகதியின் பெயர் ரிச்சர்ட் வாக்னர்.

டிரெஸ்டன் அரசவையில் இசை இயக்குநராக இருந்தவர் வாக்னர். 1849 மே மாதம் அந்நகரில் வெடித்த கிளர்ச்சியில் சேர்ந்தார். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, கைது உத்தரவு பிறந்தது. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் உதவியால் தப்பி சுவிட்சர்லாந்துக்குள் வந்து சேர்ந்தார். நான்கு ஓபராக்கள் கொண்ட 'நிபெலுங்கின் மோதிரம்' என்ற பெரும்பணியில் இறங்கி, மூன்றாவது ஓபராவின் பாதியில் நிறுத்திவிட்டு, 1857 ஆகஸ்டில் 'ட்ரிஸ்டானும் இசோல்டேவும்' எழுத உட்கார்ந்தார்.

முதல் காரணம் பணம். சிறிய ஓபரா, எந்த ஊர் அரங்கிலும் போடலாம், சீக்கிரம் காசு வரும் என்று அவர் மனதார நம்பினார். இரண்டாவது காரணம் ஒரு புத்தகம். 1854-இல் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவரின் நூல் அவர் கைக்குக் கிடைத்தது. உலகை இயக்குவது தீராத வேட்கை, தீராததால்தான் துன்பம், அது அடங்கினால் விடுதலை என்பது அதன் சாரம். இந்தச் சிந்தனை நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657-இல் உபநிடதங்களைப் பாரசீக மொழியில் ஆக்குவித்தார். அதைப் பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துபெரோன் லத்தீனில் பெயர்த்து 1801, 1802-இல் வெளியிட்டார். ஷோபன்ஹவர் போற்றிப் படித்த நூல் அது. வாக்னரும் 1856-இல் புத்தரின் சீடர் ஆனந்தரையும் அவரைக் காதலித்த பிரகிருதி என்ற தாழ்த்தப்பட்ட பெண்ணையும் வைத்து ஓர் ஓபராவுக்குக் குறிப்பு எழுதினார். அது இசை வடிவம் பெறவே இல்லை.

மூன்றாவது காரணம் மதில்டே. வாக்னருக்கும் மனைவி இருந்தார், நடிகையாக இருந்த மின்னா. 1858 ஏப்ரலில், ஓபராவின் முன்னிசைப் படியோடு மதில்டேவுக்குப் போன கடிதம் ஒன்று மின்னாவின் கையில் சிக்கியது. இரண்டு குடும்பங்களும் கலங்கின. ஆகஸ்டில் வாக்னர் வீட்டைக் காலிசெய்து வெனிஸ் நகருக்குப் போனார். இரண்டாம் அங்கத்தை அங்கே இசையமைத்து, மூன்றாம் அங்கத்தை லுசெர்னில் எழுதி, 1859 ஆகஸ்ட் 6-இல் முடித்தார்.

மதில்டேவை 'அவருக்கு உந்துதல் தந்த பெண்' என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் அநேகர். அது நியாயமில்லை. அவர் எழுதிய ஐந்து கவிதைகளுக்கு வாக்னர் இசையமைத்தார். அவற்றில் இரண்டை ட்ரிஸ்டானுக்கான பயிற்சிகள் என்று அவரே குறித்துவைத்தார். 'கனவுகள்' என்ற பாடலின் இசை இரண்டாம் அங்கத்துக் காதல் பாட்டில் வருகிறது. 'கண்ணாடிச் செடிவீட்டில்' என்ற பாடலின் இசை மூன்றாம் அங்கத்தைத் தொடங்கி வைக்கிறது. அந்த இசை முதலில் பிறந்தது மதில்டேவின் சொற்களுக்கு.

கதை பழையது. 1210 வாக்கில் கோட்ஃப்ரீட் ஃபான் ஸ்ட்ராஸ்பூர்க் என்ற ஜெர்மானியக் கவிஞர் காவியமாகப் பாடி, முடிக்காமல் விட்டது. வாக்னர் அதைச் சுண்டக் காய்ச்சினார். அயர்லாந்து இளவரசி இசோல்டேவை, கார்ன்வால் அரசர் மார்க்கேவுக்கு மணப்பெண்ணாகக் கப்பலில் அழைத்து வருகிறான் அரசரின் மருமகன் ட்ரிஸ்டான். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவனைக் கொன்றவனும் அவன்தான், காயத்தோடு வந்தபோது அவள் மருந்திட்டுப் பிழைக்கவைத்தவனும் அவன்தான். இருவரும் சாவது என்று முடிவுசெய்து இசோல்டே நஞ்சு கேட்கிறாள். தோழி பிராங்கேனே மனம் பொறுக்காமல் காதல் மருந்தை ஊற்றித் தருகிறாள். மருந்து வெறும் சாக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. காதல் முன்பே இருந்தது. இனி சாவுதான் என்று நம்பியதும் வாய் திறந்துவிட்டது, அவ்வளவே.

இந்தக் காதலுக்கு விதிக்கப்பட்ட தடையை வாக்னர் கதையோடு நிறுத்தவில்லை, இசைக்குள்ளேயே வைத்தார். இந்த ஓபராவின் பெருமை அதில்தான் இருக்கிறது. திரை எழும் முன்பு செல்லோக்கள் தனியே ஏங்கி எழுகின்றன. அவற்றோடு மரக்குழல்கள் சேரும்போது நான்கு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கின்றன: எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். இசை உலகம் 'ட்ரிஸ்டான் கார்டு' என்று பெயரிட்டு இன்றும் வாதாடிக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான். மேற்கத்திய மரபில் இப்படி ஓர் இறுக்கம் எழுந்தால், அது தளர்ந்து ஆதார சுரத்தில் போய் அமர வேண்டும். இங்கே அது இன்னோர் இறுக்கத்தில் போய் நிற்கிறது. பிறகு மௌனம். மீண்டும் அதே ஏக்கம், இன்னும் மேலே.

நம் கச்சேரியில் பாடகர் நிஷாதத்தில் நின்று, மேல் ஸட்ஜத்தைத் தொடாமலே சுழன்று சுழன்று வரும்போது சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்குமே, அந்தத் தவிப்பு இது. ஆனால் நமக்குத் தம்புரா இருக்கிறது. வீடு எங்கே என்று காதுக்குத் தெரியும். வாக்னர் தம்புராவையே நகர்த்திக்கொண்டு போகிறார். சுமார் நான்கு மணி நேரத்துக்கு!

இரண்டாம் அங்கத்தில் இரவுத் தோட்டத்தில் இருவரும் பாடுகிறார்கள். பகல் அவர்களுக்குப் பகை, இரவே உறவு. இசை அலையலையாக ஏறி உச்சியைத் தொடும் அந்த நொடியில் பிராங்கேனே அலறுகிறாள், அரசர் வந்து நிற்கிறார், இசை கிழிபடுகிறது. அதே இசைதான் ஓபராவின் கடைசியில், இறந்து கிடக்கும் ட்ரிஸ்டானுக்கு அருகே இசோல்டே பாடும்போது திரும்ப வருகிறது. இம்முறை தடுக்க யாருமில்லை. அலை உச்சி தொட்டுத் தணிகிறது. முதல் நிமிடத்தில் தவிக்கவிட்ட அந்தக் கார்டு கடைசியாக ஒருமுறை ஒலித்து, பி மேஜரில் இளைப்பாறுகிறது. 'லீபெஸ்டோட்', காதல் மரணம், என்று இப்பகுதியை உலகம் அழைக்கிறது. அந்தப் பெயரை இதற்கு நிலைக்கச் செய்தது லிஸ்ட் 1867-இல் எழுதிய பியானோ வடிவம்.

இந்த நான்கு சுரச் சேர்க்கையை வாக்னர் கண்டுபிடித்தார் என்று சொல்வது பிழை. பீத்தோவனிலும் ஷோபெனிலும் தேடினால் அது கிடைக்கும். அதை ஒரு முழு ஓபராவின் உயிராக்கியது வாக்னரின் துணிச்சல்.

எந்த ஊரிலும் போடலாம் என்று நினைத்த ஓபராவை எந்த ஊரும் போட முடியவில்லை. வியன்னாவில் 70-க்கும் மேற்பட்ட ஒத்திகைகள் நடத்திப் பார்த்துக் கைவிட்டார்கள். 1864-இல் பவேரியாவின் அரியணையில் 18 வயது லுட்விக் அமர்ந்தார். அவர் வாக்னரின் பித்தர். கடனை அடைத்து, மியூனிக்குக்கு அழைத்து, அரங்கையே ஒப்படைத்தார். இசை நடத்த வந்தவர் ஹான்ஸ் ஃபான் பியூலோ. அவருடைய மனைவி, லிஸ்ட்டின் மகள் கோசிமா, அதற்குள் வாக்னரோடு உறவில் இருந்தார். 1865 ஏப்ரல் 10-இல், வாத்தியக் குழுவின் முதல் ஒத்திகை நாளன்று, கோசிமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் இசோல்டே. தகப்பன் வாக்னர். ஏட்டில் பியூலோ. கோசிமா பின்னர் வாக்னரையே மணந்தார். ஆனாலும் அந்த மகள் 1914-இல் தன்னை வாக்னரின் மகளாக ஏற்கும்படி நீதிமன்றம் போனபோது தோற்றுப்போனார். மேடையில் காதலைக் கொண்டாடிய குடும்பம் தன் பெண்ணுக்குச் செய்த அநீதி இது.

மே 15 என்று குறித்த அரங்கேற்றம் நாயகி மால்வினாவுக்குக் குரல் கட்டியதால் தள்ளிப்போய், 1865 ஜூன் 10-இல் நடந்தது. ட்ரிஸ்டானாகப் பாடியவர் மால்வினாவின் கணவர் லுட்விக் ஷ்னோர். நான்கு நிகழ்ச்சிகள் பாடினார். ஜூலை 21-இல் இறந்துபோனார். வயது 29. ஓபரா அவரைக் கொன்றது என்று ஊர் பேசியது. பின்னாளில் அதே மியூனிக்கில் இதே ஓபராவை நடத்தும்போது 1911-இல் ஃபெலிக்ஸ் மோட்டல் சரிந்து விழுந்து சில நாட்களில் இறந்தார். 1968-இல் யோசஃப் கைல்பெர்த் இசை நடத்திக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். இதில் சாபம் எதுவும் இல்லை. இந்த இசை நடத்துபவரிடம் கேட்கும் உழைப்பு அப்படி.

கேட்டவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பிரெஞ்சு அரசு ஊழியர் இம்மானுவேல் ஷாப்ரியே 1880-இல் மியூனிக்கில் முன்னிசை கேட்டுத் தேம்பி அழுதார். அதே ஆண்டு வேலையை விட்டு முழுநேர இசையமைப்பாளரானார். இசையமைப்பாளர் தெபுஸி முதலில் மயங்கினார், பிறகு விடுபடப் போராடினார். 1908-இல் குழந்தைகளுக்கான பியானோ துண்டு ஒன்றில் அந்த ஏக்கத்தைக் கேலிசெய்து கணக்குத் தீர்த்தார். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் இன்னும் மேலே போய், ஆதார சுரமே தேவையில்லை என்ற இடத்துக்கு வந்தார். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த காதல் இசையைக் கேளுங்கள், ட்ரிஸ்டானின் நிழல் தெரியும்.

வாக்னரின் யூத வெறுப்பையும் சொல்லியாக வேண்டும். 1850-இல் யூத இசைஞர்களை இழிவுபடுத்திக் கட்டுரை எழுதினார். 1869-இல் தன் பெயரோடு மறுபடி வெளியிட்டார். பிற்காலத்தில் நாஜிகள் அவரைக் கொண்டாடினர். இஸ்ரேலில் அவர் இசை பொதுமேடையில் ஒலிப்பதில்லை என்பது எழுதாத விதியானது. 2001 ஜூலையில் ஜெருசலேமில், நிகழ்ச்சி முடிந்தபின், யூதரான இசை நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் வாக்னரை இசைக்கச் சபையிடம் அனுமதி கேட்டார். நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. சிலர் கோபத்தோடு வெளியேறினர். இருந்தவர்களுக்காக அவர் நடத்தியது ட்ரிஸ்டானின் முன்னிசை. வெளியேறியவர்களின் வலி நியாயமானது, தங்கிக் கேட்டவர்களின் தாகமும் நியாயமானது.

முதல்முறை கேட்பவர்கள் முன்னிசையையும் லீபெஸ்டோட்டையும் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 1966-இல் பைராய்ட்டில் கார்ல் போம் நடத்த, பிர்கிட் நில்சன் பாடிய பதிவு கிடைக்கிறது. குறைந்தது இரண்டாம் அங்கத்தை முழுதாக, இடையில் எழாமல் கேளுங்கள். பிறகு கடைசிப் பகுதிக்குப் போங்கள்.