மகப்பேறு விடுப்புக்குப் பின் பணிக்குத் திரும்புதல்

மகப்பேறு விடுப்பு முடிந்த தாய் தன் பழைய வேலையை ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் தொடர்வதற்குச் சட்டம், அரசு, வேலை தருவோர், குடும்பம் ஆகிய நான்கு தரப்பும் செய்துதரும் ஏற்பாடுகள் இத்தலைப்பில் அடங்கும். கைக்குழந்தையை விட்டுச்செல்லும் இடம், பாலூட்டும் இடைவேளை, உறவினர் இருக்கும் ஊருக்கு அருகில் பணியிடம், தகப்பனின் பங்கு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. மாதச் சம்பளக்காரருக்கு இவை பெரும்பாலும் எழுத்தில் உள்ள உரிமைகள். கூலிக்கும் துண்டு வேலைக்கும் போகும் பெண்களுக்கோ, பசுவந்தனை போன்ற கரிசல் ஊர்களில் காண்பதுபோல், வீட்டுப் பெரியவர்களின் உதவியே பெரிதும் கைகொடுக்கிறது.

சட்ட வரலாறு

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் நிறைவேற்றிய மூன்றாவது உடன்படிக்கையே மகப்பேற்றுப் பாதுகாப்பைப் பற்றியதுதான். இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929இலும், சென்னை மாகாணம் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவியை விதித்தன. விடுதலைக்குப் பின் நாடு முழுமைக்குமாக மகப்பேறு நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது தகுதி. இரண்டு குழந்தைகள் உள்ளவர் அடுத்த பேற்றுக்கு 12 வாரம் மட்டுமே பெறலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும் 12 வாரம் உண்டு.

பணிக்குத் திரும்பிய பின்னரும் சட்டத்தின் காவல் தொடர்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேலாகத் தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரவேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்துத் தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். வேலையின் இயல்பு இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்தே பணிபுரியவும் வழி உண்டு. விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் (2020) இந்த விதிகளைத் தன்னுள் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டு அரசுப் பணியில்

தமிழக அரசு ஊழியருக்கு முன்னர் 90 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாகவும் உயர்ந்தது. நீண்ட விடுப்பு புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் தகுதிகாண் பருவத்தை நீட்டி, பதவி உயர்வில் அவர்களைப் பின்னுக்குத் தள்ளும் நிலை இருந்தது. விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்தில் கணக்கிடப்படும் என்ற அறிவிப்பு 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் வெளியானது. அடுத்த மாதம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காவல் துறையில் இரவுப் பணியும் பந்தோபஸ்துப் பணியும் கைக்குழந்தைக்காரிகளுக்குப் பெருஞ்சுமை. விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகள் பணியிடம் தரப்படும் என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் அறிவித்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருக்கும் ஊரைக் கணக்கில் எடுத்துப் பணியிடம் ஒதுக்குவது இந்த ஏற்பாட்டின் சிறப்பு.

குழந்தை வளர்ப்பில் உள்ள இடைவெளி

26 வார விடுப்பு முடிகையில் குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம். பால்வாடி என்று மக்கள் அழைக்கும் அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். நடுவில் உள்ள ஒன்றரை ஆண்டு யார் பொறுப்பு என்பதே பணிக்குத் திரும்பும் தாயின் முதல் சிக்கல். அரசு ஊழியருக்கு இந்த இடைவெளி ஓராண்டாகக் குறைகிறது. விடுப்பே இல்லாத கூலிப் பெண்ணுக்கு அது பேற்றுக்குப் பின் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒன்றிய அரசு 2022இல் ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகத் திட்டத்தை அமைத்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வது அதன் விதி. பயண நேரத்தையும் சேர்த்தால் எட்டு மணி நேர வேலைக்கு இந்த ஏழரை மணி நேரம் போதாது. மீதி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் துணை வேண்டும்.

கரிசல் வட்டாரத்தில்

பசுவந்தனை தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியை ஒட்டிய மானாவாரிக் கரிசல் நிலத்தில் உள்ள ஊர். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் சோளமும் மிளகாயும் விளையும் இப்பகுதியில் களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாய்ப் பறிப்பு ஆகியவை பெரும்பாலும் பெண்களின் வேலை. களையெடுப்பைச் சில நாள் தள்ளிப்போட்டாலும் விளைச்சல் கெடும் என்பதால், பேற்றுக்குப் பின் எப்போது வேலைக்குப் போவது என்பதை மழையே தீர்மானிக்கிறது. வரப்போர வேம்பிலோ புளியிலோ சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுக் களைக்கு இறங்குவது இங்கே பழைய வழக்கம்.

மழை பொய்க்கும் காலத்தில் கைகொடுப்பது, பேச்சு வழக்கில் தீப்பெட்டி ஆபீஸ் எனப்படும் தீப்பெட்டித் தொழிற்கூடம். குச்சி அடுக்குவதும் பெட்டி அடைப்பதும் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் வேலைகள்; வராத நாளுக்குக் கூலி இல்லை. 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் காப்பகத்தை விதித்தது. சிறு கூடங்கள் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. மருந்தும் மெழுகும் புழங்கும் கூடத்துக்குள் குழந்தையைக் கொண்டுவரவும் முடியாது. இதனால் கைக்குழந்தைக்காரிகள் வீட்டில் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாறுவது முன்னர் பரவலாக இருந்தது.

தங்கையையும் தம்பியையும் இடுப்பில் சுமந்து பார்த்துக்கொண்டவர்கள் மூத்த பெண்பிள்ளைகள். முதலமைச்சர் காமராசர் 1956இல் அருகிலுள்ள எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பின்னர் வந்தது. இவற்றால் அக்காமார் பள்ளிக்குப் போனது ஊருக்கு நன்மை. ஆனால் கைக்குழந்தையின் பொறுப்பு பாட்டிமார் கைக்கு மாறியது. பாட்டியும் நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் அதுவும் நடவாது. அந்த வேலையைத் தந்த 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேராவது இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அதே கூலிக்கு அமர்த்தச் சொன்னது.

தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. விடுப்பே இல்லாத ஏழைத் தாய்மாருக்குத் தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வழங்குகிறது. இழந்த கூலியை ஓரளவு ஈடுசெய்து, சீக்கிரமே வேலைக்கு ஓடவேண்டிய நெருக்கடியைத் தணிப்பது அதன் பயன்.

பாலூட்டலும் தந்தையும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. அதற்கு முன்பே வேலைக்குத் திரும்புபவர் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். மிதமான அறை வெப்பத்தில் அது சுமார் நான்கு மணி நேரம் கெடாது. சித்திரை வெயிலில் அவ்வளவு நேரம் தாங்காது. வழியில் பாலூட்ட வேண்டியவர்களுக்காகத் தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015இல் தனி அறைகள் திறக்கப்பட்டன.

ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. தென்காசி மாவட்டக் காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், இதற்குத் தனிச் சட்டம் தேவை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2023இல் கருத்துரைத்தது. தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நடப்பது தமிழர் வழக்கம் என்பதால், முதல் சில மாதங்கள் தகப்பன் குழந்தையை விட்டுத் தள்ளியே இருப்பதும் உண்டு. தாய் வேலைக்குத் திரும்பும் நாளில் தகப்பனும் சில நாள் விடுப்பெடுத்தால் அந்த இடைவெளி குறையும். இன்றைய நிலையில் கரிசல் ஊர்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பவர் பெரும்பாலும் பாட்டியே.