புள்ளி இட்ட தமிழ்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய தோல் பதனிடும் ஊர்களின் கடைத்தெருக்களில் தமிழும் உருதுவும் ஒன்றாகவே ஒலிக்கும். உருதுவின் வரிவடிவம் அரபு வழி வந்தது என்பதை அறிவோம். தமிழும் அவ்வரிவடிவில் எழுதப்பட்டது என்று வகுப்பில் கூறினால் மாணவர் நம்ப மறுக்கின்றனர். அர்வி எனப்படும் அரபுத்தமிழே அது.

அரபியில் பகரமில்லை; டகரம், ணகரம், ளகரம், ழகரம் ஒன்றுமில்லை. நம்மவர் கண்ட வழி புள்ளி. 'ஃபா'வின் அடியில் ஒரு புள்ளி இட்டால் பகரம். 'தால்' அடியில் இட்டால் டகரம். 'நூன்' அடியில் இட்டால் ணகரம். உருதுவோ 'தால்' எழுத்தின் தலைமேல் சிறிய 'தோய்' ஒன்றை ஏற்றி டகர ஒலியைக் காட்டிற்று. ளகர ழகரங்களுக்கு 'ஸாத்', 'ளாத்' ஆகியவற்றின் அடியில் புள்ளி வைத்தனர். இத்தேர்வு தற்செயலன்று என்றே கருதுகிறோம். ரமளான், ரமழான் என்று இன்றும் இருவகையாக எழுதுவோர் நாமன்றோ! அரபு உயிர்க்குறிகள் அ, இ, உ மூன்றே ஆதலின் எகர ஒகரங்களுக்கும் புதுக்குறி வேண்டியதாயிற்று.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் மொழிக்கு இலத்தீன் எழுத்துப் போதாதபோது, யான் ஹுஸ் இயற்றியதாகக் கருதப்படும் நூல் ஒன்று எழுத்தின் மேல் புள்ளியிடச் சொன்னது. அப்புள்ளியே பின்னர்ச் சிறு கொக்கியாயிற்று. அதே ஸ்லாவியக் குடும்பத்துப் போஸ்னிய மொழியை அங்குள்ள முஸ்லிம்கள் அரபெழுத்தைத் திருத்தி எழுதினர். அரெபிட்சா என்பது அதன் பெயர். அர்வியின் தூரத்து உறவு எனலாம்.

திருக்குர்ஆன் ஓதப் பழகிய பெண்கள், தமிழ் நெடுங்கணக்கு அறியாமலே தமிழ் படிக்க இப்புள்ளிகள் வழிவிட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அர்வி நூல்கள் அவர்களிடமும் சென்றன. பள்ளிக்கூடமும் தமிழ் அச்சும் பரவவே அவ்வழக்கு தேய்ந்தது. அர்விக்குரிய இரண்டு எழுத்துகள், 'ஐன்' அடியில் மூன்று புள்ளியும் 'காஃப்' அடியில் ஒரு புள்ளியும் உடையவை, 2015இல்தான் யூனிகோடில் இடம்பெற்றன.

தெற்கிலிருந்து மணமாகி வந்த தம் பாட்டியின் ஏடொன்றை மாணவி ஒருவர் எம்மிடம் கொணர்ந்தார். அரபி ஓதத் தெரிந்தவர் அவர். 'ஃபாதம்' என்று படித்துப் பொருள் விளங்காது நின்றார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு எழுத்தின் அடியிலும் ஏதோ இருந்தது. 'பாடம்' எனக் கொண்டோம். அடுத்த வரியில் இருப்பது புள்ளியா, பூச்சி அரித்த துளையா என்பது இன்னும் துணியப்படவில்லை.